சுருங்குவதே அதன் இயல்பு

ஆரணிப் பக்கம் நெஞ்சில் திடீரென்று குத்தினால் முதலில் வருவது ஓமத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கோலி சோடா, பிறகு தைலம், பிறகு மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை. "கேஸ்தான்டா, ராத்திரி அத்தனை பரோட்டா தின்னியே" என்று வீட்டில் யாராவது தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருந்துவிடுவதால் யாரும் மேல்முறையீட்டுக்குப் போவதில்லை.

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். வயது இருபத்திரண்டு. ஒல்லி, நெட்டை. குழித்தறியில் உட்கார்ந்தால் காலை மடக்க இடம் போதாத உயரம். காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது இடது மார்பில் சுருக்கென்று ஒரு குத்தல். மூச்சை இழுத்தால் வலி தோள்பட்டை வரை ஏறுகிறது. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது. சிலருக்குக் குனிந்து நிமிரும்போது உள்ளே குமிழ் ஒன்று நகர்வதுபோல ஓர் உணர்வு இருக்கும். இடது பக்கத்தில் இது நேர்ந்தால், இதயத் துடிப்போடு சேர்ந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம்கூடச் சிலருக்குக் கேட்பதுண்டு. அதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பாடப்புத்தகத்தில் உள்ள அறிகுறிதான் அது.

மறுநாளே வலி நன்றாகக் குறைந்துவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்ளே நடந்தது அப்படியே இருக்க, வலி மட்டும் தணிகிறது. 'சோடா வேலை செய்துவிட்டது' என்று பையன் மறுபடி தறியில் உட்காருகிறான். இரண்டு மூன்று நாள் கழித்து, சும்மா பேசும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனை. டூட்டி டாக்டர் ஸ்டெத்தை வைக்கிறார். வலது பக்கம் கேட்கும் மூச்சுச் சத்தம் இடது பக்கம் கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் விலா எலும்புகளுக்கு உட்புறமாக மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு வெளியே ரத்தக்குழாய்களின் வரி எதுவும் இல்லாத வெறும் கறுப்பு. "தம்பி, நெஞ்சுக்கூட்டுக்குள்ள காத்து சேர்ந்திருக்கு. நுரையீரல் சுருங்கியிருக்கு." இதற்கு மருத்துவத்தில் நியூமோதொராக்ஸ் என்று பெயர்.

சுருங்கிவிட்டது என்றதும் வீட்டார், நுரையீரல் அழுகிவிட்டது, இனி உதவாது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சுருங்குவதுதான் நுரையீரலின் இயல்பு. மீள்தன்மையுள்ள நார்களால் ஆன உறுப்பு அது. உடலுக்கு வெளியே எடுத்து வைத்தால் தானே சுருண்டு சிறியதாகிவிடும். பிறந்து அழுத நாள்முதல் கடைசி மூச்சுவரை அது விரிந்தே இருக்கிறதே, அதற்குத்தான் விளக்கம் தேவை.

நுரையீரல் உள்நோக்கி இழுக்கிறது. விலாக்கூடு வெளிநோக்கி விரியப் பார்க்கிறது. இரு முனையிலும் இழுத்துக் கட்டிய பாவுபோல, இரண்டுக்கும் நடுவே ஓர் இழுவிசை எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கிறது. நுரையீரலைப் போர்த்தி ஒரு சவ்வு, விலாக்கூட்டின் உட்புறத்தில் இன்னொரு சவ்வு. இரண்டுக்கும் இடையே சில தேக்கரண்டி திரவத்தைத் தவிர ஒன்றுமில்லை. காற்று அறவே இல்லை. அந்த இடுக்கில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவு குறைவு. மூச்சை இழுக்கும்போது இன்னும் சற்றுக் குறையும். விரல் நீள அளவுகூட இல்லாத இந்த வித்தியாசம்தான் நுரையீரலை விரித்துப் பிடித்திருக்கிறது. எங்காவது ஒரு பொத்தல் விழுந்து காற்று அந்த இடுக்குக்குள் புகுந்தால் இழுவிசை அறுந்துபோகிறது. பாவை அறுத்தால் இரு முனையும் தளர்வதுபோலவே, நுரையீரல் உள்ளே சுருள, அந்தப் பக்கத்து விலாக்கூடு கொஞ்சம் வெளியே விரிகிறது. நம் உடலில் இரு நுரையீரல்களுக்கும் தனித்தனி அறை. ஒன்று சுருங்கினாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். அமெரிக்கக் காட்டெருமைக்கு இந்த வசதி இல்லை. இரு பக்கமும் ஒரே அறை. மார்பில் ஓர் ஓட்டை விழுந்தால் இரண்டு நுரையீரலும் சேர்ந்தே சுருங்கிவிடும்.

பொத்தல் எப்படி விழுகிறது? பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில், சவ்வுக்கு அடியில், சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று கசிகிறது. ஏன் உச்சியில்? நிமிர்ந்து நிற்கும் மனிதனின் நுரையீரல் தன் எடையாலேயே கீழ்நோக்கித் தொங்குகிறது. அதனால் உச்சியில் உள்ள காற்றறைகள் அடியில் உள்ளவற்றைவிட அதிகமாக இழுபடுகின்றன. உயரம் கூடக்கூட அந்த இழுப்பும் கூடும். சுவாச உடலியலில் பெரும் பெயர் பெற்ற ஜான் வெஸ்ட் 1970-களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். நெட்டையான, ஒல்லியான, இருபது வயதை ஒட்டிய ஆண்களுக்கு இது ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு இது ஒரு பாதி விளக்கம். மேலை நாட்டுக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ஆண்களில் 7 முதல் 18 பேருக்கு வருகிறது. பெண்களில் 6 பேருக்கு மேல் இல்லை.

மீதிப் பாதியைப் புகை நிரப்புகிறது. ஸ்டாக்ஹோமில் செய்து 1987-இல் வெளியான ஆய்வு ஒன்று, புகைக்கும் ஆண்களுக்கு இந்த ஆபத்து 22 மடங்கு என்றது. பெண்களுக்கு 9 மடங்கு. எத்தனை சிகரெட் என்பதற்கேற்ப ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. கஞ்சாவும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். குடியாத்தம், பேரணாம்பட்டு என்று பீடி சுற்றும் ஊர்கள் சூழ்ந்த வட்டாரத்தில் 'பீடிதானே, சிகரெட் இல்லையே' என்று ஒரு சமாதானம் புழங்குகிறது. நுரையீரலுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

பட்டுத் தறிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? ஆரணியிலும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவூர்களிலும் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. பஞ்சாலைத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது நிரூபணமான விஷயம். பட்டில் உள்ள பசைப் புரதம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். ஆனால் நாள் முழுக்க மிதிக்கட்டையை மிதித்ததால் நுரையீரல் பொத்துப்போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 'கனமா எதையோ தூக்கியிருப்பான்' என்பதும் அப்படித்தான். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது ஓய்வாக இருக்கும்போதே நேர்கிறது: உட்கார்ந்திருக்கும்போது, பல் விளக்கும்போது, தூங்கி எழும்போது. ஓர் ஆச்சரியமான விதிவிலக்கும் பதிவாகியிருக்கிறது. 2004-இல் பெல்ஜிய மருத்துவர்கள் நான்கு பேரின் கதையை வெளியிட்டார்கள். அத்தனை பேருக்கும் உரத்த இசையின் நடுவே நுரையீரல் சுருங்கியிருந்தது. அவர்களில் ஒருவர் தம் காரில் ஆயிரம் வாட் ஸ்பீக்கர் பொருத்தியிருந்தவர். கல்யாண மண்டபத்து டி.ஜே. பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் 'காரணமின்றி' வருபவையும் அல்ல. விரல்கள் நீண்டு, கைகளும் மிக நீளமாக இருந்தால் மார்ஃபான் நோய்க்குறி உண்டா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் இதயத்தின் பெருந்தமனியையும் எக்கோவில் பரிசோதிப்பது அவசியம். குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் மரபணு சார்ந்த காரணங்கள் இருக்கலாம். பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அடிக்கடி கேட்கப்படாமல் போகிறது: வலி வந்தது மாதவிலக்கை ஒட்டியா? கருப்பையின் உட்படலத் திசு மார்புக்குள்ளும் வளரும் ஒரு நிலையில், மாதவிலக்குத் தொடங்கிய இரண்டு மூன்று நாட்களுக்குள், அநேகமாக வலது பக்கத்தில், நுரையீரல் சுருங்கும். நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் சந்தேகம் காசநோய். அதனால்தான் இருமலே இல்லாத பையனிடமும் சளி கேட்டு நச்சரிக்கிறார்கள். கேட்பது சரிதான்.

காசநோய்க்கும் சுருங்கிய நுரையீரலுக்கும் உள்ள உறவு பழையது, விசித்திரமானது. 1803-இல் பிரெஞ்சு மருத்துவர் இட்டார் இந்த நிலைக்குப் பெயர் வைத்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் 1819-இல் அதன் அறிகுறிகளை விவரித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, நுரையீரல் சுருங்கினால் காசநோய்தான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. வேறு நோயே இல்லாத இளைஞர்களுக்கும் இது வரும் என்பதை 1932-இல் டென்மார்க்கின் கேர்கார்ட் எடுத்துக்காட்டிய பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இதற்கிடையே நடந்ததுதான் வேடிக்கை. தற்செயலாக நுரையீரல் சுருங்கிய சில காசநோயாளிகள் தேறிவருவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி 1882-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: நாமே ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருக்கி, ஓய்வு கொடுத்தால் என்ன? அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகெங்கும் சானடோரியங்களில் இதுவே முக்கியச் சிகிச்சை. இன்று எந்த நிலையைக் கண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோமோ, அதே நிலையை அன்று வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். செலுத்திய காற்றை உடல் உறிஞ்சிவிடும் என்பதால் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில். சென்னையில் மின்சார ரயிலேறித் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தைக் கடக்கிறவர்கள், 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் இல்லத்தின் பெயரையே கடக்கிறார்கள். 1940-களின் இறுதியில் அமெரிக்க அறுவை நிபுணர் ரீவ் பெட்ஸ் வேலூர் சி.எம்.சி.யில் மார்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோதும் காசநோயாளிகளே வரிசையில் முன்னால் நின்றார்கள். மருந்துகள் வந்து இந்தக் காலத்தை முடித்துவைத்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானதை 1959-இல் உலகுக்கே காட்டியது.

ஊசிக்காற்று வழக்கொழிந்தது. ஆனால் அந்த அரை நூற்றாண்டு ஒரு பெரிய உண்மையை விட்டுச்சென்றது. பலமுறை சுருக்கப்பட்ட நுரையீரலும் காற்று போனதும் விரிந்துகொள்ளும். காற்றை எடுக்க யாரும் மெனக்கெட வேண்டியதும் இல்லை. அது தானாகக் கரைந்தது. இந்த உண்மையைச் சிகிச்சையாக மாற்ற மருத்துவத்துக்கு இன்னுமோர் அறுபது ஆண்டு பிடித்தது.

அதற்குள் குழாய் வந்துவிட்டது. ஜெர்மனியின் பியூலாவ் 1870-களில் மார்புச் சீழை வெளியேற்ற உருவாக்கிய முறை இது. விலா எலும்புகளுக்கு இடையே ஒரு குழாய். அதன் மறுமுனை தரையில் வைத்த பாட்டில் நீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். இருமினாலும் மூச்சை விட்டாலும் காற்று குமிழியாக வெளியே போகும். திரும்பி வர நீர் விடாது. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் குழாய் வைப்பார்கள். ஆனாலும் அந்த அழுத்தமும், உள்ளே ஏதோ நகரும் உணர்வும் மறக்கக்கூடியவை அல்ல. நுரையீரல் விரிந்து குழாயில் உரசும்போது வரும் இருமலும் தோள்வலியும், நோயாளிக்கு நரகமாகவும் மருத்துவருக்கு நல்ல செய்தியாகவும் இருக்கும். வார்டில் இருக்கும் நாட்களில் பையனுக்கு அந்தப் பாட்டில்தான் உலகம். மூச்சுக்கு மூச்சு நீர்மட்டம் ஏறி இறங்கினால் குழாய் அடைபடவில்லை என்று பொருள். இருமும்போது குமிழி வந்தால் கசிவு இன்னும் மூடவில்லை. குமிழி நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள்.

ஆரணியிலிருந்து வேலூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கண்ணமங்கலம் தாண்டிப் போனால் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குழாயோடு ஒருவரை அங்கே அழைத்துப்போகும் உறவினர் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். மடியில் தூக்கி வைத்தால் நீர் உள்ளே போகும். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயை 'கசியுதே' என்று மடக்கிப் பிடிக்கவே கூடாது. அப்படிச் செய்தால் வெளியேற வழியில்லாத காற்று உள்ளே பெருகி இதயத்தையும் மறு நுரையீரலையும் நெருக்கலாம். ரத்த அழுத்தம் சரிந்து, உதடு நீலமாகும் அந்த நிலையில் எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரமில்லை. மருத்துவர் உடனே ஊசியைச் செலுத்திக் காற்றை வெளியேற்றியாக வேண்டும். காரணமின்றிச் சுருங்கும் இளைஞர்களுக்கு இது அபூர்வம்தான். விபத்தில் விலா முறிந்தவர்களுக்கு அப்படியில்லை.

2020 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு, குழாயே வேண்டுமா என்று கேட்டது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 39 மருத்துவமனைகளில் 316 பேர். ஓரளவு பெரிதாகவே சுருங்கிய நுரையீரல், முதல் முறை, வேறு நோய் இல்லை. பாதிப்பேருக்குக் குழாய், மற்றவர்களைச் சில மணி நேரம் கவனித்து, நன்றாக நடமாடுகிறார்கள் என்றால் வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எட்டு வாரத்தில் குழாய் போட்டவர்களில் 98.5 சதவீதம் பேருக்கும், சும்மா விட்டவர்களில் 94.4 சதவீதம் பேருக்கும் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது. சும்மா விட்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு மட்டுமே பின்னர் குழாயோ வேறு தலையீடோ தேவைப்பட்டது. ஓராண்டுக்குள் மறுபடி சுருங்கியதோ குழாய் போட்டவர்களுக்கே அதிகம்: 16.8 சதவீதத்துக்கு எதிராக 8.8. அவசரமாக விரிக்கப்பட்ட பொத்தல் சரியாக ஆறவில்லையோ என்று சிலர் ஊகிக்கிறார்கள். பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் 2023-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது: மூச்சுத்திணறல் பெரிதாக இல்லை என்றால், எக்ஸ்ரேயில் அளவு எவ்வளவாக இருந்தாலும், காத்திருக்கலாம்.

உள்ளே சிக்கிய காற்று எங்கேதான் போகிறது? ரத்தத்துக்குள். வெளிக்காற்றின் மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். சிரை ரத்தத்தில் கரைந்திருக்கும் வாயுக்களின் அழுத்தங்களைக் கூட்டினால் 706 அளவில்தான் வரும். திசுக்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடான அழுத்தத்தில் கரியமில வாயுவைத் திருப்பித் தருவதில்லை. அந்த 54 மில்லிமீட்டர் பள்ளத்தை நோக்கிக் காற்று மெல்ல வழிகிறது. வேகம் குறைவு: நாளொன்றுக்கு அந்தப் பக்க மார்பின் கொள்ளளவில் ஒன்றேகால் முதல் இரண்டேகால் சதவீதம். ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் ரத்தத்திலிருந்து நைட்ரஜன் வெளியேறிவிடும், பள்ளம் ஆழமாகும், உறிஞ்சும் வேகம் மூன்று நான்கு மடங்காகும். 'மூச்சு நல்லாத்தானே விடறான், எதுக்கு ஆக்சிஜன்?' என்று கேட்கும் அம்மாக்களுக்கு இதுதான் பதில்.

என் கருத்தில், சும்மா இருப்பதும் ஒரு சிகிச்சை என்பதை நம் ஊரில் ஏற்கவைப்பது குழாய் போடுவதைவிடக் கடினம். 'ஒண்ணுமே பண்ணாம அனுப்பிட்டாங்க' என்று அடுத்த மருத்துவமனைக்கு ஓடுவார்கள். காத்திருப்பதற்கு நிபந்தனைகளும் உண்டு. சில நாட்களில் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் நள்ளிரவிலும் மருத்துவமனையை எட்ட முடிய வேண்டும். காசநோய் இல்லை என்பது உறுதியாக வேண்டும். நாட்கணக்கில் வீட்டில் வைத்திருந்துவிட்டு வந்தவர்களுக்குக் காற்றை ஒரேயடியாக உறிஞ்சி எடுப்பதும் ஆபத்து. திடீரென விரியும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே முதல் குத்தலிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தேறி வீட்டுக்கு வந்தபின் தொல்லை தருவது நுரையீரலைவிடத் தோள்தான். குழாய் இருந்த பக்கத்துக் கையை அசைக்கப் பயந்து உடம்போடு ஒட்டியே வைத்திருப்பார்கள், தோள் இறுகிவிடும். நெசவுக்கு ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க வேண்டும், மறு கை அச்சுப் பலகையை அடிக்க வேண்டும். இரண்டில் எது முரண்டு பிடித்தாலும் சேலை நகராது. குழாய் இருக்கும்போதே கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகுவது, மூன்று பந்துள்ள அந்த பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுப்பது, வராந்தாவில் நடப்பது எல்லாம் சடங்கு அல்ல. தையல் போட்ட இடத்தில் மரத்தல், குளிரில் ஒரு சுளுக்கு, கொட்டாவி விட்டால் ஒரு குத்தல் என்று மாதக்கணக்கில் இருக்கலாம். ஒவ்வொரு குத்தலுக்கும் 'மறுபடியுமா?' என்று நெஞ்சு பதறும். மூச்சு வாங்காத, ஆழ இழுத்தாலும் கூடாத, விரலால் அழுத்தினால் தெரியும் வலி பெரும்பாலும் தசையினுடையது. சந்தேகமென்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடலாம்.

பயத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. முதல் முறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி வருகிறது, அதில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே. புகையை விட்டவர்களுக்கு வாய்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டியது. இரண்டாம் முறை வந்தாலோ, மறு பக்கத்திலும் வந்தாலோ, கசிவு நாட்கணக்கில் நிற்காவிட்டாலோ அறுவைச் சிகிச்சை பேச்சு எழும். சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி, கொப்புளங்களை வெட்டி எடுத்து, இரு சவ்வுகளும் ஒட்டிக்கொள்ளும்படி உராய்த்துவிடுவார்கள். அல்லது டால்க் தூவுவார்கள். இந்தியாவில் புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதன்பின் அந்தப் பக்கத்தில் சுருங்க இடுக்கே இருக்காது.

இடுக்கே இல்லாமல் மூச்சு விட முடியுமா? யானை விடுகிறது. பாலூட்டிகளிலேயே யானைக்கு மட்டும் அந்த இடைவெளி இணைப்புத் திசுவால் அடைபட்டிருக்கிறது. துதிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கும்போது, ஆழ நீரின் அழுத்தத்துக்கும் நுரையீரலுக்குள் இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டில் மெல்லிய சவ்வின் ரத்தக்குழாய்கள் வெடித்துவிடும். அதைத் தாங்கவே இந்த அமைப்பு என்றார், உச்சிக் கொப்புளக் கணக்கைப் போட்ட அதே ஜான் வெஸ்ட். சவ்வுகளை ஒட்டவைத்துக்கொண்ட மனிதர்களும் ஓடுகிறார்கள், தறி நெய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.

இந்த வட்டாரத்துப் பையன்களுக்கு வளைகுடா விசா காத்திருக்கும் என்பதால் விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் அழுத்தம் ஆறு முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். மார்பில் மிச்சமிருக்கும் காற்று அங்கே சுமார் மூன்றில் ஒரு பங்கு பெருகும். எக்ஸ்ரேயில் முழுதாக விரிந்தது உறுதியாகி ஒரு வாரமாவது கழித்துப் பறக்கலாம். ஸ்கூபா டைவிங்குக்கு இந்தச் சலுகை இல்லை. இரு பக்கமும் அறுவை செய்து சவ்வை ஒட்டவைத்துக்கொள்ளாதவர்கள் அதை வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். கமண்டல நாகநதியில் தண்ணீர் வரும் அபூர்வ நாட்களில் முங்கிக் குளிப்பதற்கு, நுரையீரல் முழுதாக விரிந்து புண்ணும் ஆறியிருந்தால், தடையில்லை.